ஒரே ஒரு பெயர்

ஈரோட்டு வெளிநாட்டுப் பயண அலுவலகத்தில் மஞ்சுளாதேவியின் காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தன. பின்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை உறுதியாகியிருந்தது. மூன்று மாத வாடகை முன்பணமும் காப்பீடும் கட்டியாயிற்று. படிவத்தில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

விமானப் பயணத்துக்கும் அரசாங்கம் ரேஷன் கொண்டுவந்த பிறகு, வெளிநாட்டில் வேலைக்குப் போகிறவர்கள் ஐந்து வருடத்தில் ஒரே ஒரு முறைதான் அவசரமாக ஊர் திரும்பலாம். யாருக்காக என்பதைக் கிளம்பும் முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

"ரெண்டு பேரு எழுதலாங்களா சார்?" என்று கேட்டாள் மஞ்சுளாதேவி.

"ஒருத்தர்தாம்மா. எழுதிட்டா மாத்தவும் முடியாது," என்றார் அதிகாரி.

அவளுடைய ஆறு வயது மகள் நிறைமதிக்கு வீசிங் தொந்தரவு இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா நாச்சம்மாளுக்கு ஏற்கெனவே இரண்டு முறை மாரடைப்பு வந்திருந்தது.

"இதுல யோசிக்கறதுக்கு என்ன கண்ணு இருக்குது? புள்ள பேர எழுது," என்றாள் நாச்சம்மாள்.

"உனக்கு ஒண்ணுன்னா நான் அங்க உக்காந்துட்டு என்னம்மா பண்ணுவேன்?"

"நீ எழுது."

மஞ்சுளாதேவி மகளின் பெயரை எழுதினாள். கடைசி எழுத்து கோணலாக விழுந்தது. அதிகாரி முத்திரை குத்தியதும் நாச்சம்மாள் மேசையருகே போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஏனுங்க, எனக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா இவகிட்டச் சொல்லாம இருக்கோணும். அதுக்கு எழுதிக் குடுக்க வழி இருக்குதுங்களா?"

அதிகாரி அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. இழுப்பறையைத் திறந்தார். அதற்கும் அச்சடித்த படிவம் ஒன்று இருந்தது.