அண்ணனின் படம்

2006இல், வெம்பிளி அலுவலகமொன்றில், டிலக்சனா ஒரு நினைவஞ்சலி இணையத்தளத்தின் படங்களை, எத்தனை சேர்ந்தாலும் தாங்கக்கூடிய புதிய இணையக் களஞ்சியத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். மன்னாரில் இளவயதிலேயே காணாமல்போன அண்ணனின் படத்தையும் ஏற்றினாள். அண்ணி அருமைநாயகி இப்போதுதான் அஞ்சலி போடவும், இறந்தோருக்கான ஆத்துமப் பூசை வைக்கவும் சம்மதித்திருந்தாள்.

காலையில் திறந்தபோது படத்தில் அண்ணனின் மீசை நரைத்திருந்தது. அதை அழித்துவிட்டுப் பழைய படத்தையே மறுபடி ஏற்றினாள். மத்தியானம் தலையும் நரைத்திருந்தது. அண்ணியை வரவழைத்தாள்.

"ஆர் பிள்ளை இதை மாத்தினது?"

"ஒருத்தரும் தொடேல்லை, அண்ணி."

அருமைநாயகி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கோயிலுக்குப் போன் எடுத்தாள்.

"பாதர், அவருக்கு ஆத்துமப் பூசை வேண்டாம்."

மறுநாள் படத்தில் அண்ணன் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தான்.