மைனஸ் பன்னிரண்டு

"ஒரு கணக்கு டீச்சர் பண்ற வேலையா இது?"

செயலாளர் கணேசமூர்த்தி போட்ட சத்தத்தில், ராஜா அண்ணாமலைபுரத்து அந்த அடுக்குமாடியே பால்கனிக்கு வந்துவிட்டது.

நீரஜா தலையைக் குனிந்துகொண்டாள். சிரித்துவிடுவோமோ என்று பயம்.

குடியிருப்பைச் சுற்றிக் கம்பிவலை போடுவதென்று சங்கத்தில் முடிவு. இடமோ கோணல்மாணல். கேட்டை ஆதிப்புள்ளியாக வைத்து, மூலைக்கு மூலை ஆயத்தொலைவு குறித்து, சுற்றளவு கண்டுபிடிக்கும் வேலை நீரஜாவின் தலையில் விழுந்தது. பத்தாம் வகுப்புக்கு அவள் நடத்துகிற கணக்குதான்.

புங்கமரத்து மூலை வந்ததும் பேனா நின்றது. அங்கேதான் ரத்னாவின் இஸ்திரி வண்டி. வலை வந்தால் வண்டி காலி. வீட்டை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு மாற்றிவிட்ட பிறகும் பஸ் பிடித்து வருகிறவள், வேறு எங்கே போவாள்?

பக்கத்து மூலைகள் இரண்டும் கேட்டின் நேர்கோட்டிலேயே இருக்க, அந்த மூலை மட்டும் பன்னிரண்டடி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. தாளில் மைனஸ் பன்னிரண்டு. நீரஜா மைனஸை விட்டுவிட்டாள். மூலை உள்ளே போய்விடும், சுற்றளவு குறையும், வலை பத்தாது; துருத்திய மூலையைத்தான் வெளியே விடுவார்கள்.

நினைத்தபடியே இன்று பதினாறடி பத்தவில்லை.

"மறுபடி ஆர்டர் போட மறுபடி கூட்டம் போடணும். யாருக்கு நேரம் இருக்கு?" என்றார் கணேசமூர்த்தி. "மரத்தை வெளியே விட்டுட்டு நேரா இழுத்துக் கட்டுங்கப்பா."

எல்லாரும் போனதும் ரத்னா பொருமினாள். "இன்னா டீச்சர், அந்தாளு இப்டி கத்திக்கினு கீறாரு, நீ கம்முனு நிக்கிற?"

"தப்பு என்னுதுதானே ரத்னா."

மனசுக்கு நிறைவாக இருந்தது. மாடிப்படியில் கணேசமூர்த்தி காத்திருந்தார். அவள் கணக்குப் போட்ட தாளை நீட்டினார்.

"சாரி சார். ஒரு மைனஸ் விட்டுப்போச்சு."

"அன்னைக்கே பார்த்துட்டேன்." குரலைத் தாழ்த்தினார். "ஆனா மைனஸ் பன்னிரண்டை வர்க்கம் பண்ணினாலும் நூத்திநாப்பத்திநாலு, ப்ளஸ்ஸைப் பண்ணினாலும் நூத்திநாப்பத்திநாலு. சுற்றளவு ஒரு அங்குலம்கூடக் குறையலையே டீச்சர்?"

நீரஜாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேண்டுமென்றே செய்த தப்பில் வேண்டாத தப்பு!

"அப்போ வலை எப்படி சார் பத்தாம போச்சு?"

"நீங்க எழுதின நீளத்துல பதினாறடியைக் கழிச்சுத்தானே நான் ஆர்டர் போட்டேன்."