வெள்ளை உடையில் செத்தவன்

"உன் மகன் எங்கே கிழவி? ஒளிச்சு வெச்சா வீட்டோட கொளுத்திடுவேன்!"

ஏரி தாண்டி வந்த ஸ்டைனார் கோடரியை இறக்கவேயில்லை. விருந்தில் நடந்த சண்டையில் அவன் அண்ணனைக் குத்திக் கொன்றவன் தோர்கில். ஆளை ஸ்டைனார் பார்த்ததில்லை. பெயர் மட்டும் தெரியும்.

குன்வோர் கிழவி வழியோரத்தில் நட்டிருந்த புது நினைவுக் கல்லைக் காட்டினாள். "கண்ணு இருக்கில்ல? படிச்சுக்கோ."

வெட்டிய எழுத்துகளில் ஒருவன் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டிருந்தான். ஸ்டைனார் எழுத்துக்கூட்டினான். "மகன் தோர்கில் நினைவாக... குன்வோர்... வெள்ளை உடையில் செத்தான். அதென்னடா வெள்ளை உடை?"

"ஞானஸ்நானம் வாங்கினவங்க ஒரு வாரம் போட்டுக்கிற துணிங்க" என்றான் சாயம் பூசியவன்.

கல்லில் வெட்டிவிட்டால் எதையும் நம்புகிற ஊர் அது. ஸ்டைனார் அவ்வளவு லேசில் நம்புகிறவன் இல்லை.

"கல்லு என்ன, சொன்னதைச் சொல்லும். செத்ததைப் பார்த்தது யாரு?"

"நான் அங்கதாங்க இருந்தேன். ஏரியில தலை முழுசா உள்ள போச்சு. அதுக்கப்புறம் தோர்கில்னு ஒருத்தன் இல்லீங்க."

"சத்தியம் பண்ணு. பழைய சாமி வேண்டாம். இப்ப ராஜாவே கும்பிடுறாரே, அந்தச் சிலுவை மேல பண்ணு."

அவன் கல்லில் வெட்டியிருந்த சிலுவைமேல் சிவந்த கையை வைத்தான். "தோர்கில் செத்துட்டான். இது சத்தியம்."

ஸ்டைனார் கோடரியைக் கீழே போட்டுவிட்டு, தானும் பொத்தென்று உட்கார்ந்தான்.

"நல்லதாப் போச்சு, போ. பழி வாங்காத ஆம்பளைக்குக் கஞ்சி ஒரு கேடான்னு அண்ணி தினம் குத்திக்காட்டுவா. எனக்குக் கோழி அறுக்கவே கை நடுங்கும்."

கிழவி அழுதாள். அவனுக்கு என்னவோ போலாகிவிட்டது. இடுப்பு மூட்டையை அவிழ்த்து ஒரு கருவாட்டை எடுத்து அவள் மடியில் வைத்தான்.

"அழாதம்மா. பெத்த வயிறு பத்தத்தான் செய்யும். உன் பிள்ளை பேர்ல எனக்கு இனிமே கோவம் இல்ல."

கோடரியை எடுத்துக்கொண்டு போய்ப் படகேறினான். படகு நாணலுக்கு அப்பால் மறையும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கையைக் கழுவிட்டு வா தோர்கில், கஞ்சி ஆறுது."

"அந்தப் பேரைச் சொல்லாதேம்மா" என்றான் சாயம் பூசியவன். "உன் பழைய மகன் தண்ணியிலயே செத்தான், எழுந்தவன் யோவான்னு பாதிரியார் சொன்னப்ப நீயும்தானே தலையாட்டினே?"