ஐந்தாம் வரிசை ஜன்னலோரம்

விமானத்தில் காலி இருக்கைதான் அதிகம் ஆடும். ஆள் உட்கார்ந்தால் அந்த எடைக்கு ஆட்டம் சற்று அடங்கிவிடும். அதிர்வை அளக்கும் வேலையில் இருந்த தங்கைக்கு இது பாலபாடம்.

அன்று அண்ணன் ஓட்டிய புரொப்பெல்லர் விமானத்தில் பயணிகள் கிடையாது. எல்லா இருக்கைகளிலும் அதிர்வை அளக்கும் மெத்தைகளை வைத்திருந்தாள். எல்லாம் துள்ளிக்கொண்டிருந்தன. புரொப்பெல்லருக்கு நேராக இருந்து, இருப்பதிலேயே மோசமாக ஆடவேண்டிய ஐந்தாம் வரிசை ஜன்னலோர இருக்கை மட்டும் அடங்கிக் கிடந்தது. மெத்தையை மாற்றிப் பார்த்தாள். அதே கதைதான். அந்த அளவுக்கு அடங்க எவ்வளவு எடை வேண்டும் என்று கணக்குப் போட்டால் நாற்பத்திரண்டு கிலோ வந்தது.

ஆஸ்பத்திரியில் அம்மாவின் கடைசி எடை அது. "உன் பிளேன்ல ஏறினா எலும்பெல்லாம் கழண்டுடும்டா" என்று சொல்லிச் சொல்லியே, ஒருமுறைகூட ஏறாமல் கண்ணை மூடிவிட்டாள். அண்ணனுக்கு அது ஆறாத குறை.

தங்கை இன்டர்காமை எடுத்தாள்.

"அண்ணா, மெதுவா இறக்கு."

"ஏன், உன் டப்பாவெல்லாம் உடைஞ்சிடுமா?"

"எப்பவும் போல தொப்புன்னு போடாத. அஞ்சாவது வரிசைல ஆள் இருக்கற மாதிரி காட்டுது."

"காலி வண்டில ஆளா? எவ்ளோ வெயிட்டாம்?"

"நாப்பத்திரண்டு."

அண்ணன் விமானத்தைப் பூப்போல இறக்கினான். சக்கரங்கள் தரையைத் தொட்டதே தெரியவில்லை. ஓடுதளத்தின் முனையில் விமானத்தைத் திருப்பி நிறுத்தினான். இன்டர்காம் கரகரத்தது.

"ஆபீஸ்ல அளவு சரியா வரலன்னு சொல்லிடு. இன்னொரு சுத்து போலாம்."

தங்கை எழுந்து போய், ஐந்தாம் வரிசை ஜன்னலின் திரையை முழுவதும் ஏற்றிவிட்டாள்.