சுவர்ல இடிக்காதீங்க

மைக் கைக்கு வந்ததும் அவள் மூன்றாம் வரிசையைத்தான் பார்த்தாள்.

ஓரத்து நாற்காலியில், அவள் சொல்லப்போகும் ஜோக்கில் வரும் பெரியவரின் மனைவி வந்து உட்கார்ந்திருந்தார். மடியில் கைப்பை. அதன் மேல் ஒரு கை, அந்தக் கையின் மேல் இன்னொரு கை.

வரச் சொன்னது அவள்தான். வராமல் இருந்தால் தேவலை என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்ததும் அவள்தான்.

புத்தகக் கடையின் மாடி அது. விடுமுறை நாட்களில் மாலை நேரத்தில் யார் வேண்டுமானாலும் ஏறி நின்று சிரிக்க வைக்கலாம். மற்ற நாட்களில் அவள் ஆம்புலன்சில் நர்சாக ஓடுகிறாள். முன்வரிசையில் காலை நீட்டிக்கொண்டிருப்பவன் அந்த வண்டியின் டிரைவர். ரகசியம் சொன்னாலும் தெருமுனை வரை கேட்கும் என்பதால் அவனுக்கு சைரன் என்று பெயர்.

வண்டியில் ஒரு சட்டம் உண்டு. காப்பாற்ற முடியாமல் திரும்பும் நாளில், போனவரின் நெஞ்சில் முதலில் கை வைத்து அழுத்தியவர்தான் முதல் ஜோக்கைச் சொல்ல வேண்டும். அதுவரை மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. அது வந்துவிட்டால் வண்டியைக் கழுவலாம், டீ குடிக்கலாம், அடுத்த அழைப்புக்குக் கிளம்பலாம்.

ஒரே ஒரு தடவை மட்டும் அவள் சொல்லவில்லை.

மாதங்கள் ஓடிவிட்டன. சைரன் வாயைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான். அந்தப் பெரியவர் வீட்டுத் தெரு வழியாகப் போகும்போது வண்டிக்குள் ரேடியோவின் இரைச்சல் மட்டும் கேட்கும்.

இன்று சொல்லிவிடுவது என்று வந்திருக்கிறாள். அதுவும் அவர் மனைவியின் முகத்துக்கு நேரே. அந்த முகம் கோணிப்போனால் இனி மேடையும் இல்லை, ஜோக்கும் இல்லை.

மேடையில் அவள் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை. மாடியை மாற்றுவாள், வயதை மாற்றுவாள், சுவரின் நிறத்தைக்கூட மாற்றிவிடுவாள்.

"ஒரு பெரியவர். மூணாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யல. லிஃப்ட் வேலை செய்யற வீட்ல யாருக்கும் மாரடைப்பே வராது, கவனிச்சிருக்கீங்களா?"

சிரித்தார்கள். மூன்றாம் வரிசை சிரிக்கவில்லை.

"நாங்க போறப்போ அவர் சம்சாரம்தான் நெஞ்ச அழுத்திட்டிருந்தாங்க. ஷாக் குடுத்தோம். மனுஷன் கண்ணத் தொறந்துட்டார். தொறந்து சாமியக் கூப்பிடல, சம்சாரத்தக் கூப்பிடல. ஸ்ட்ரெச்சர்ல படி எறக்குறோம், மேல படுத்துக்கிட்டே சொல்றார்: பாத்துப்பா, சுவர்ல இடிக்காதீங்க. போன வாரம்தான் பச்சை பெயிண்ட் அடிச்சேன்."

கூடம் குலுங்கியது. சைரன் தொடையைத் தட்டினான். மூன்றாம் வரிசையில் அந்தக் கைகள் அப்படியே இருந்தன.

மிச்சம் இருந்தது இரண்டே வரி.

"மூணு மாடியும் எறக்கிட்டோம். சுவர்ல ஒரு கீறல் இல்ல."

நிறுத்தினாள்.

"சுவரைக் காப்பாத்திட்டோம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. சொன்னது எதுவென்று புரிய ஆரம்பித்து, கூடம் அடங்கிக்கொண்டே வந்தது. யாரோ நாற்காலியை நகர்த்திய சத்தம் பெரிதாகக் கேட்டது.

மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பச்சை இல்லடி, சந்தனக் கலர். பச்சை அடிச்சிருந்தா, நல்லா இடிங்கன்னு உங்கப்பாவே சொல்லியிருப்பார்."

முதலில் சைரன் வெடித்தான். அவனைத் தொடர்ந்து கூடமே வெடித்தது. பின்னால் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கை தட்டினார்.

அவள் மைக்கைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, கைப்பை மேல் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்த அந்தக் கைகளையே பார்த்தாள். அன்று வண்டியில் போய்க்கொண்டே தான் போனில் கத்தியது காதில் கேட்டது. நாங்க வர்ற வரைக்கும் கைய எடுக்காதம்மா.

வீட்டு மனிதர்களின் கைகளை வண்டியின் சட்டத்தில் யாரும் கணக்கில் சேர்த்ததில்லை.

சைரன் முன்னால் சாய்ந்து, வாயை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு அவளிடம் ரகசியமாகச் சொன்னான். கூடம் முழுக்கக் கேட்டது.

"சிஸ்டர், முதல் கை அவங்களோடது. நாங்கதான் தெரியாம இத்தனை மாசமா உங்க வாயப் பாத்துட்டு இருந்துட்டோம்."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை; அதற்கும் சிரித்தார்கள்.

கைப்பையைத் திறந்து கைக்குட்டையைத் தேடியபடி, அம்மா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.