சாம்பியனின் நாற்காலி

உலக செஸ் சாம்பியனுக்கென்று மேடையில் போட்ட நாற்காலிக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது. ஆட்டத்துக்கு ஆட்டம் ஜெயித்தது என்னவோ அவர்தான். ஆனால் ஒரு காயை நகர்த்தியதுமே எழுந்து உலாத்தப் போய்விடுவார். மெத்தையில் சூடு தங்கினால்தானே!

எதிர் நாற்காலியோ கொடுத்துவைத்தது. தோற்றுக்கொண்டே இருந்த அந்த மனிதர் அதன் கைப்பிடியை இறுகப் பற்றியபடி மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார். ஆட்டம் முடிந்த பிறகும் எழ மனம் வராமல் அதிலேயே சாய்ந்துகிடப்பார்.

"உங்க ஆளு தினம் மண்ணைக் கவ்வுறாரு. உன் முகத்துல மட்டும் என்ன அப்படியொரு களை?" என்று கேட்டது சாம்பியனின் நாற்காலி.

"அவருக்கு இங்க என்னை விட்டா யாரு இருக்கா?" என்றது எதிர் நாற்காலி.

சாம்பியனின் நாற்காலிக்கு வயிறு இன்னும் எரிந்தது.

அடுத்த ஆட்டத்தில் சாம்பியன் ஒரு காயைத் தப்பாக வைத்துவிட்டார். எழப் போனவர் அப்படியே உட்கார்ந்து, வியர்த்த கையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். நாற்காலிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. எதிரே இருந்தவரோ முதல்முறையாக எழுந்து உலாத்தப் போனார்.

"எங்க போனாரு இவரு?" என்று பதறியது எதிர் நாற்காலி.

"வருவாரு, வருவாரு. பழகிக்கோ."

சாம்பியன் எப்படியோ தாக்குப்பிடித்து ஆட்டத்தை டிரா செய்தார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

மறுநாள் ஆட்டம் தொடங்கும் முன் சாம்பியனின் நாற்காலி மனமுருக வேண்டிக்கொண்டது: "சாமி, இன்னிக்கு எங்க ஆளு தோக்கணும்."

எதிர்ப்பக்கமிருந்தும் அதே வேண்டுதல் கேட்டது.