மெத்தையின் மறுபக்கம்

"பெத்த பொண்ணோட வயசைக்கூடவா யோசிச்சு சொல்லுவீங்க?"

நர்ஸ் பேனாவை மேஜைமேல் போட்டாள்.

"பதினாலு..." என்று இழுத்த தையற்காரி, பக்கத்தில் நின்ற பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள்.

"பதினஞ்சு," என்றாள் அந்தப் பெண், தரையைப் பார்த்தபடியே.

"நல்லா இருக்கு. எப்ப வயசுக்கு வந்தா?"

தையற்காரி மறுபடியும் பெண்ணைத்தான் பார்த்தாள். ஷிப்ட் முடிந்த கையோடு பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துக்கொண்டு நேராக வந்திருந்தாள். தோளில் நூல் பிசிறுகள் ஒட்டியிருந்தன. நாள் முழுக்க மெஷின் மிதித்த கால்கள், எப்போது உட்காரலாம் என்று கெஞ்சின.

"ஆறாவது லீவுல," என்றாள் பெண்.

"சரி, எடை மெஷின்ல ஏறு. நான் ஏறினா இது அலறும். நீ ஏறினா தூங்குது பாரு!"

பெஞ்சில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். பெண்ணின் வெளுத்த உதடுகள் மட்டும் அசையவில்லை.

"என்ன தொந்தரவு?"

"ரெண்டு மாசம் வராது. வந்தா நிக்காது," பெண்ணின் குரல் தாழ்ந்தது. "பேட் ஒரு மணி நேரம்கூட தாங்கறதில்ல. கட்டி கட்டியா போகுது. ஒரு வருஷமா இப்படித்தான்."

நர்ஸ் தையற்காரி பக்கம் திரும்பினாள். "ஒரு வருஷமா! ஒரே வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு நீங்க என்னத்தம்மா பார்த்தீங்க?"

"மெத்தையைத் திருப்பிப் போட்டேன் சிஸ்டர். அடிப்பக்கம் பூரா கறை. அப்பதான் தெரிஞ்சுது."

"வருஷத்துக்கு ஒரு தரம்தான் மெத்தையைத் திருப்புவீங்களா? நல்ல குடித்தனம் போங்க!"

மறுபடியும் சிரிப்பு. ஏதோ சொல்ல வாயெடுத்த தையற்காரியின் பார்வை, பள்ளிப் பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்த விரல்களில் விழுந்தது. சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"திட்டறதை அப்புறம் திட்டுங்க சிஸ்டர். அன்னையிலேருந்து கூப்பிடறேன், வர மாட்டேன்னு ஒரே பிடிவாதம். நேத்து குளிக்கிற இடத்துல மயங்கி விழுந்துட்டா. முதல்ல டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க."

நர்ஸின் முகம் கொஞ்சம் இறங்கியது. ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, உட்காரச் சொன்னாள்.

பெஞ்சில் பெண் ஓர் ஆள் இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். சுவரில் சாய்ந்த தையற்காரிக்குக் கண்கள் சொருகின.

"வீட்டுக்குப் போயிடலாம்," என்றாள் பெண் திடீரென்று. "எனக்கு ஒண்ணும் இல்ல."

"ஊசிக்குப் பயமாடா?"

தலை இல்லையென்று ஆடியது. "ஆஸ்பத்திரிக்கு வந்தா..." பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"நான் உன்னை விட்டுட்டு எங்கேயும் போகல. வந்தது வந்துட்டோம், பார்த்துட்டே போயிடலாம்."

டாக்டரம்மாவுக்கும் அன்று எத்தனையாவது நோயாளியோ, கண்ணாடியைக் கழற்றி இமைகளை அழுத்திக்கொண்டார். முடிவுகளைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உடம்புல இருக்க வேண்டிய ரத்தத்துல பாதிதான் இருக்கு. இந்த வயசுல முன்னப் பின்ன வர்றது சகஜம். ஆனா இவ்வளவு போறது சகஜம் இல்ல. பயப்படாத, மாத்திரையில சரி பண்ணலாம். அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரியணும். சில பேருக்கு ரத்தம் சீக்கிரம் உறையாது. அது குடும்பத்துல வர்ற கோளாறு."

தையற்காரியைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. உங்களுக்கும் இப்படி அதிகமா போகுமா? பல்லு பிடுங்கினப்போ, பிரசவத்துல, ரத்தம் நிக்காம கஷ்டப்பட்டீங்களா?"

தையற்காரி தோளில் ஒட்டியிருந்த நூல் பிசிறைத் தட்டிவிட்டாள். வெளியே விழுந்த திட்டுகளை எத்தனை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். இந்தக் கேள்விக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிவைக்க முடியாது. தவறான பதில் இந்தப் பெண்ணின் உடம்பில்தான் போய் விடியும்.

"என்னம்மா, இதுவும் தெரியாதா?" என்றாள் கதவருகே நின்ற நர்ஸ்.

தையற்காரி பெண்ணைப் பார்த்தாள். "நீயே சொல்லுடா," என்றாள் மெல்ல.

வந்ததிலிருந்து முதல் தடவையாகப் பெண் தலை நிமிர்ந்தாள்.

"எங்கம்மாவுக்கு நிக்கவே இல்ல டாக்டர். தம்பிப் பாப்பா பிறக்கணும்னு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. ரெண்டு பேருமே வீட்டுக்குத் திரும்பி வரல. அதனாலதான் நான் யார்கிட்டயும் சொல்லல."

டாக்டரின் பேனா நின்றது. "அப்ப... இவங்க?"

பெண்ணின் கை மெல்ல நகர்ந்து, தையற்காரியின் விரல்களைப் பிடித்துக்கொண்டது.

"இவங்க போன வாரம்தான் அப்பாவைக் கல்யாணம் பண்ணிட்டு எங்க வீட்டுக்கு வந்தாங்க. வந்த மறுநாளே மெத்தையைத் திருப்பிப் போட்டாங்க."